அம்மன் நெற்றியில் போரேட்

கோயில் கமிட்டித் தலைவர் கணேசமூர்த்தி அந்தச் சொல்லை வாசித்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் புனிதாவின் பக்கம் திரும்பியது. அவர் வாசித்தது கோலாலம்பூரில் இருக்கும் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை. செம்பாகா தோட்டத்து மாரியம்மன் நெற்றியில் வைக்கிற தங்கப் பொட்டின் நடுவே பதித்திருக்கும் கல் புஷ்பராகம் இல்லையாம். சின்ஹலைட் என்று ஏதோ ஒன்றாம். மெக்னீசியம் அலுமினியம் போரேட்டாம்.

சின்ஹலைட் யாருக்கும் தெரியாது. மெக்னீசியமும் அலுமினியமும் காதில் விழுந்து அப்படியே போய்விட்டன. ஆனால் போரேட் என்றால் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். எண்ணெய்ப் பனையான செம்பனையின் இளம் ஓலை நுனி கொக்கி மாதிரி வளைந்துகொண்டால் மட்டை இடுக்கில் ஒரு கரண்டி அள்ளிப் போடுகிற வெள்ளை உரத் தூள். அந்த மூட்டைகள் அடுக்கியிருக்கும் ஸ்டோரின் சாவி புனிதாவின் இடுப்பில் தொங்குகிறது. அம்மன் நகைப் பெட்டியின் சாவியும் அதே இடுப்பில்தான். இதற்கு மேல் ஒரு மனுஷன் யோசிக்க வேண்டுமா என்ன? மண்டபம் யோசிக்கவில்லை.

புனிதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத்தில் உரம் போடும் பெண்கள் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அவள் கூட்டத்தில் இப்போது பாதிப் பேர் இந்தோனேசியப் பெண்கள். தமிழ்க் குடும்பங்கள் ரெம்பாவுக்கும் சிரம்பானுக்கும் மந்தினுக்கும் போய்விட்டன. லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சியது ஏழுதான். போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து கமிட்டிக் கூட்டம் போடுவார்கள், தீர்மானம் நிறைவேற்றுவார்கள், பசியாறிவிட்டுத் திரும்பிப் போவார்கள். கோயிலைக் கூட்டுவதும் கழுவுவதும் இருக்கிறவர்கள் பாடு.

இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனுக்கு அலங்காரம் முழுக்கப் பூசாரிப் பண்டாரம் செய்வார், ஆனால் பொட்டைத் தொடமாட்டார். வெளிக்காட்டு வேலை செய்கிற பெண்களின் மண்டோர்தான் அதை வைக்கவேண்டும். தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் நின்ற காலத்தில் புல் வெட்டிய பெண்கள் வாங்கிய உரிமை அது. எப்படி வாங்கினார்கள் என்பதற்கு லயத்துக்கு லயம் ஒரு கதை இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தும் உரிமை மாறவில்லை. பத்தொன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் புனிதா கையில் உர நாற்றம் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, அரைத்த சந்தனத்தை அம்மன் நெற்றியில் அப்பி, பொட்டை வைத்து, அந்தத் தேன் நிறக் கல்லைக் கட்டைவிரலால் அழுத்துவாள். வாரத்தில் அவள் அவளுக்காகச் செய்துகொள்கிற காரியம் அது ஒன்றுதான்.

கல்லைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கோயில் வேறு இடத்துக்குப் போகவேண்டும். போகும்போது நகைகளுக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று தலைவர் கணேசமூர்த்தி எல்லாவற்றையும் பரிசோதனைக்கு எடுத்துப்போனார். சிரம்பானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர், எதையும் முறையாகச் செய்கிறவர். செய்து, இப்படி ஒரு அறிக்கையோடு திரும்பி வந்தார். கருவறைக்குப் பக்கத்துச் சுவரிலோ பளிங்குக் கல்வெட்டு இருக்கிறது: ‘புஷ்பராகப் பொட்டு, சிரம்பான் சொக்கப்பன் செட்டியார் உபயம், 1936.’ கல்வெட்டு பொய் சொல்லாது. அப்படியானால் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள். யார் மாற்றியிருக்க முடியும்?

“நான் யாரையும் குத்தம் சொல்லல லா புனிதா,” என்றார் கணேசமூர்த்தி. “விசாரிச்சு முடியிற வரைக்கும் சாவி கமிட்டிகிட்ட இருக்கட்டும்.”

குற்றம் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிற ஆளிடம் என்ன பேசுவது? புனிதாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. தூளை உருக்கிக் கல்லாக்க நான் என்ன ஃபாக்டரியா வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல முருகையா எழுந்தார். ஆண்கள் உரக் கூட்டத்துக்கு மண்டோராக இருந்து ரிட்டையர் ஆனவர், கமிட்டியில் மூத்த உறுப்பினர், முப்பது வருஷம் போரேட் அள்ளியவர். போரேட் சுடுதண்ணீரில் கரையும், போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஏன் இத்தனை வாக்குவாதம் என்றார். கேட்டவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மைலோ கலக்கக் கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். அம்மன் பொட்டை அதில் போட்டார்கள். ஒருவர் கைப்பேசியில் அரை மணி நேரத்துக்கு மணி வைத்தார். படித்தவர்களும் படிக்காதவர்களும் சரிசமமாக அந்த எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். புனிதாவும் பார்த்தாள். அம்மா தாயே கரைந்து தொலைக்காதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். மணி அடித்ததும் கரண்டியால் எடுத்தார்கள். கல் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது, சந்தன அழுக்கெல்லாம் போய்.

புனிதாவுக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தாள்.

முருகையா கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “கரையல. அப்ப இது போரேட்டே இல்ல. ரிப்போர்ட்டு தப்பு. வெறும் கண்ணாடி லா இது.”

கரைந்திருந்தால் அவள் திருடி. கரையாததால் அவள் திருடி. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது? அவள் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னால் நாற்காலிகளை இழுக்கிற சத்தமும், மீகூன் நூடுல்ஸ் இன்னும் இருக்கிறதா என்று யாரோ கேட்கிற சத்தமும் கேட்டன.

புருஷன் குணாளன் மந்தினில் ஒரு ஃபாக்டரியில் காவல் வேலை பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாவி போனால் போகிறது, வெள்ளிக்கிழமையாவது சீக்கிரம் சோறு கிடைக்கும் என்றான். சமாதானப்படுத்துவதாக நினைப்பு. அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஸ்டோருக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், போரேட் மூட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனார். மூட்டை சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை பண்டாரம் பொட்டை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வழக்கம் வழக்கம்தான், என் கை படாது என்றார். அம்மன் நெற்றியில் வெறும் சந்தனத்தோடு நின்றாள். கோயிலுக்கு வந்த பெண்கள் அம்மனைப் பார்த்துவிட்டுப் புனிதாவைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் அவள் கையால் விபூதி வாங்கிப் பிள்ளைகள் நெற்றியில் பூசியவர்கள் அவர்கள்.

அவளுக்கு வேண்டியது சாவிகூட இல்லை. திருடி என்று எந்த மண்டபத்தில் நினைத்தார்களோ அதே மண்டபத்தில் இல்லை என்று சொல்லவேண்டும். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் அந்தப் பேர் கோலா பிலா வரைக்கும் போய் அங்கேயே குடியேறிவிடும்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை ரெம்பாவ் ஸ்டேஷனில் நிறுத்தி, கோலாலம்பூருக்கு ரயிலேறினாள். பரிசோதனைக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. உள்ளே விடவே முக்கால் மணி நேரம் ஆக்கினார்கள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் ரதி என்ற முப்பது வயதுப் பெண். நல்லவேளை, தமிழச்சி. புனிதா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது, “சுடுதண்ணியிலயா போட்டீங்க?” என்பதுதான். கல் வெடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று திட்டினாள். பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

தோட்டத்தில் போடுகிற போரேட் உப்பு வகை. தண்ணீர் பட்டால் கரையத்தான் செய்யும். இந்தக் கல்லிலும் அதே போரான் இருக்கிறது, ஆனால் பூமிக்கு அடியில் பெரிய சூட்டில் மெக்னீசியத்தோடும் அலுமினியத்தோடும் இறுகிப்போனது. கொதிக்க வைத்தாலும் கரையாது, கண்ணாடியைக் கீறும். பெயரில் போரேட் இருப்பதால் தூளும் கல்லும் ஒன்றாகிவிடாது. உங்கள் கோயில் பளிங்குக் கல்வெட்டும் முட்டை ஓடும்கூட ஒரே சுண்ணாம்புச் சரக்குதான், அதற்காகக் கல்வெட்டை உடைத்துக் கோழிக்குப் போடுவோமா என்றாள் ரதி. புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்துக்கப்புறம் வந்த முதல் சிரிப்பு.

முக்கியமான சமாசாரம் அதற்கப்புறம் வந்தது. இந்தக் கல் அபூர்வமானது. நல்ல கல் பெரும்பாலும் இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் ஆற்று மண்ணிலிருந்துதான் வரும், பர்மாவில் கொஞ்சம் கிடைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு வரைக்கும் இப்படி ஒரு கல் தனியாக இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதுவரை எத்தனையோ பேர் இதை வேறு கல் என்று நினைத்து விற்றார்கள், வேறு கல் என்று நினைத்து வாங்கினார்கள். புஷ்பராகம் இதே அளவில் இருந்தால் இன்னும் கனமாக இருக்கும், ஆனால் தங்கத்தில் பதித்த பிறகு யார் எடை பார்க்கப் போகிறார்கள்?

“அக்கா, திருடுறவங்க கண்ணாடியை வைப்பாங்க,” என்றாள் ரதி. “தேடினாலும் கிடைக்காத கல்லை யாரு கொண்டாந்து வைப்பா?”

புனிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளாக அவள் மனதில் சொல்லத் தெரியாமல் முட்டிக்கொண்டிருந்ததை இந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது ரதி நகத்தளவு கறுப்புப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தாள். அதன் வழியாகக் கல்லைப் பார்த்துக்கொண்டு வில்லையைத் திருப்பினால் தேன் நிறம் மாறிப் பச்சை கலந்த பழுப்பாகத் தெரியும், திருப்பத் திருப்ப மாறும், கண்ணாடி என்றால் மாறவே மாறாது என்று சொல்லிக்கொடுத்தாள்.

ரயிலில் உட்கார்ந்தபடியே புனிதா கோயில் கமிட்டி வாட்ஸப்பில் ஆறு நிமிஷத்துக்குக் குரல் பதிவு போட்டாள். கல்லின் கதை முழுக்கச் சொன்னாள், முட்டை ஓட்டையும் விடவில்லை. வந்த பதில்கள் இவை: ஒரு கட்டைவிரல், கும்பிடுகிற இரண்டு கைகள், ரோஜாப் பூவோடு இனிய மாலை வணக்கம். கடைசியாக முருகையா ஒரு பதிவு போட்டார். செட்டியார் வீட்டுக் கல்வெட்டை முட்டை ஓடு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாளா என்று அதில் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் ஒன்பது கட்டைவிரல் விழுந்தது. ரயில் சிரம்பானைத் தாண்டும்போது அவளுக்குக் கைப்பேசியை ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல இருந்தது. ரயிலில் ஜன்னல் திறக்காது.

சரி, கொடுத்தவர்கள் வாயால் வரட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பானில் செட்டியார் வீட்டுக்குப் போனாள். சொக்கப்பன் செட்டியாரின் பேரன் பாலசுப்ரமணியன் செட்டியாருக்கு எழுபது நெருங்குகிறது. மரியாதையாக உட்கார வைத்தார். அவர் மனைவி தைலம்மை ஆச்சி காப்பி கொண்டுவந்தார். புனிதா பார்த்துப் பார்த்துப் பேசினாள். பெரியவர் கொடுத்த கல் அப்படியே இருக்கிறது, மாறவில்லை, புஷ்பராகம் என்று நினைத்து வாங்கியிருக்கிறார், அந்தக் காலத்தில் அது வேறு கல் என்று சொல்ல உலகத்திலேயே ஆள் இல்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள்.

“அப்ப எங்க ஐயா ஏமாந்துட்டாகன்னு சொல்றே,” என்றார் செட்டியார்.

இல்லைங்கய்யா, ஏமாறவில்லை, யாருக்கும் தெரியாது என்றாள். அப்படியானால் தெரிந்தே அம்மனுக்கு மட்டமான கல்லைக் கொடுத்தார்கள் என்கிறாயா என்றார். மட்டமான கல் இல்லைங்கய்யா, அதைவிட அபூர்வம் என்றாள். அபூர்வமோ இல்லையோ, எங்கள் ஐயா புஷ்பராகம் என்று கொடுத்தால் அது புஷ்பராகம், கல்வெட்டில் இருக்கிறது என்றார். நீ எடுத்தாய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எங்கள் ஐயா கொடுத்தது இது இல்லை. இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். முன்பக்கம் மோதினாலும் சுவர், பின்பக்கம் மோதினாலும் சுவர். டம்ளரைச் சுற்றி நின்றவர்கள் பேசிய அதே பேச்சைத்தான் இவர் கொஞ்சம் நல்ல தமிழில் பேசினார்.

புனிதா வாசலில் செருப்பை மாட்டினாள். தைலம்மை ஆச்சி கேட்டைத் திறந்துவிட வந்தார். கேட்டின் கொண்டியைத் தூக்கிய அந்தக் கையில், மோதிர விரலில், தேன் நிறத்தில் ஒரு கல் இருந்தது. பத்தொன்பது வருஷம் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து அழுத்திய நிறம். வேறு எவருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. புனிதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆச்சி, இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?”

மாமியார் கொடுத்தது என்றார் ஆச்சி. பெரியவர் கொழும்பில் ஜோடியாக வாங்கி வந்தவை, ஒன்றை அம்மனுக்குக் கொடுத்தார், மற்றதை மோதிரத்தில் வைத்து வீட்டில் வைத்துக்கொண்டார் என்று சாதாரணமாகச் சொன்னார். இதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று புனிதா கேட்கவில்லை. அந்த வீட்டில் ஆம்பிளை பேசும்போது ஆச்சி குறுக்கே பேசுகிற வழக்கம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கைப்பையிலிருந்து கறுப்பு வில்லையை எடுத்து ஆச்சியிடம் கொடுத்தாள். மோதிரத்தை வெயிலில் பிடித்து இதன் வழியாகப் பாருங்கள், மெதுவாகத் திருப்புங்கள் என்றாள்.

ஆச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்பினார். நிறுத்தினார். மறுபடியும் திருப்பினார். கேட்டுக்கு வெளியே ரொட்டி விற்கிறவன் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“பச்சையா மாறுது,” என்றார்.

அம்மன் கல்லும் இப்படித்தான் மாறும், ரதி சொன்னாள், அறிக்கையிலும் இருக்கிறது என்றாள் புனிதா. மோதிரத்தையும் அங்கே கொடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று எழுத்தில் வந்துவிடும். கேட்டுவிட்டாளே தவிர அவளுக்கு நம்பிக்கை இல்லை. நாற்பது வருஷமாகப் புஷ்பராகம் என்று போட்டுக்கொண்டிருக்கிற மோதிரத்தை இல்லை என்று எழுதி வாங்க எந்தப் பெண் போவாள்?

“எனக்கு இதைக் குடுத்தவுக புஷ்பராகம்னு சொல்லித்தான் குடுத்தாக,” என்றார் ஆச்சி யோசித்து யோசித்து. “அவுகளும் பொய் சொல்லல. கொழும்புக்காரனும் பொய் சொல்லல. அப்ப நீ மட்டும் எப்படிம்மா பொய் சொல்லியிருப்பே? நான் போறேன். செட்டியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

செட்டியாரிடம் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளைக் கார் கோயில் வாசலில் வந்து நின்றது. தைலம்மை ஆச்சி முன்னால் இறங்கினார். செட்டியார் பின்னால், பல் வலிக்காரர் முகத்தோடு வந்தார். ஆச்சி மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதன் பக்கத்தில் புதிய அறிக்கையை வைத்தார். அதே சின்ஹலைட். அதே மெக்னீசியம் அலுமினியம் போரேட். இரண்டும் எங்கள் வீட்டில் ஜோடியாக வாங்கியவை, அம்மன் கல்லை யாரும் தொடவில்லை என்று செட்டியார் இரண்டே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பார்க்காமல் சொன்னார்.

புனிதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முருகையா காலடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, “சரி லா, தெரியாம நடந்துபோச்சு,” என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்தது. மூன்று வாரம் கெட்ட தூக்கத்துக்கு அவ்வளவுதான்.

அதற்குள் கணேசமூர்த்தி கைப்பேசியில் அந்தக் கல்லைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. இது சாமானியக் கல் இல்லை, வெளிநாட்டில் இதைச் சேர்த்து வைக்கவே ஆட்கள் இருக்கிறார்கள், நம் அம்மனுக்கு எவ்வளவு பெரிய பெருமை என்று எழுந்து பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். போன கூட்டத்தில் கண்ணாடி என்று நம்பியவர்களின் அதே கைகள். பிறகு புனிதாவை முன்னால் கூப்பிட்டு, ஒரு பொன்னாடையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தி, சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள். பொன்னாடையின் பிளாஸ்டிக் உறை அவள் காலடியில் கிடந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்ததா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். கொஞ்சம் வந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது.

கணேசமூர்த்தி இன்னும் உட்காரவில்லை. இப்படிப்பட்ட கல்லை இனிமேல் கோயிலில் வைப்பது ஆபத்து என்றார். சிரம்பானில் பேங்க் லாக்கரில் வைத்துவிடலாம். ஆசாரியிடம் ஏற்கனவே போனில் பேசிவிட்டார். பொட்டிலிருந்து கல்லைக் கழற்றி, அதே நிறத்தில் அதே அளவில் கண்ணாடி வெட்டிப் பதித்து வியாழக்கிழமை கொடுத்துவிடுவான். பக்தர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் புனிதாவே வைக்கட்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கமிட்டியில் பதினொரு பேர், பதினொரு கையும் மேலே போனது. மீகூன் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

புனிதா பொன்னாடையோடு அங்கேயே நின்றாள். காதில் விழுந்தது சரியா என்று முதலில் அவளுக்கே சந்தேகம். கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தாள் என்று மூன்று வாரம் அவளைக் கழுவேற்றியவர்கள், கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைக்கப் போகிறார்கள். அதையும் அவள் கையாலேயே வைக்கச் சொல்கிறார்கள். ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. கோபம் அவளுக்கு இதுவரை வராத விதத்தில் வந்தது. சத்தமே இல்லாமல், நிதானமாக வந்தது.

அவள் செயலாளரின் முன்னால் இருந்த கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திருப்பி, மேசை நடுவில் கணேசமூர்த்தியின் பக்கம் நகர்த்தினாள். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

“எழுதுங்கண்ணே,” என்றாள். “இன்னிக்கித் தேதி போட்டு, அம்மன் நெத்தியில இருந்த கல்ல எடுத்துட்டுக் கண்ணாடி வச்சது கமிட்டின்னு எழுதுங்க. பதினொரு பேரும் கையெழுத்துப் போடுங்க. அதையே பளிங்குல வெட்டி அந்தச் சுவத்துல பதிச்சிடுங்க. எனக்கப்புறம் வர்ற மண்டோர் பொம்பளைய யாரும் திருடின்னு சொல்லக்கூடாது பாருங்க.”

யாரோ வாயில் வைத்த மீகூனை மெல்லாமல் நிறுத்தினார். செட்டியார் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கணேசமூர்த்தி புத்தகத்தையும் அவளையும் பார்த்து, சிரிக்க முயற்சி செய்து, முடியாமல் குரலைத் தாழ்த்தினார்.

“அப்படியெல்லாம் எழுதினா அசிங்கமா இருக்கும் லா புனிதா. நாளைக்கு நாலு பேரு படிச்சா எங்களப் பத்தி என்னா நினைப்பாங்க?”

“எனக்கு மூணு வாரமா அப்படித்தான் இருந்துச்சு,” என்றாள் புனிதா.

அவள் பொன்னாடையை மடித்துப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் சாவியை வைத்தாள். கையெழுத்து விழுந்தால் கண்ணாடியானாலும் வைக்கிறேன், விழாவிட்டால் அம்மன் சந்தனத்தோடு இருக்கட்டும், மூன்று வாரம் இருந்தவள்தானே என்றாள். பண்டாரம் தன்னைப் பார்த்த கண்களுக்கெல்லாம் என் கை படாது என்று தலையசைத்துவிட்டார். தைலம்மை ஆச்சி ஒரு நாற்காலியை இழுத்துக் கொடுக்க, புனிதா மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

பேனா திறந்தபடி கிடந்தது. பதினொரு பேரில் ஒருவரும் அதை எடுக்கவில்லை.